வாட்ச்சில் பவர் வரவில்லை: சரிசெய்வதா, மாற்றுவதா, விட்டுவிடுவதா?

"அண்ணே, பவர் பெடல் மாட்டி ரெண்டு வாரமாச்சு கேட்டியளா. வாட்ச்சுல ஒரு எண்ணும் வரமாட்டேங்கு. வாட்ச்சை மாத்திரட்டா?"

தக்கலையிலிருந்து சைக்கிள் ஓட்டும் ஒரு தம்பி கேட்டது. பவர் என்றால் கால் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை வாட்டில் சொல்லும் எண். அதை அளந்து வாட்ச்சுக்கு அனுப்பும் சென்சார்தான் பவர் மீட்டர், அது பெடலிலேயே இருந்தால் பவர் பெடல். இதே கேள்வி மார்த்தாண்டத்திலிருந்தும் அஞ்சுகிராமத்திலிருந்தும் ஏற்கெனவே வந்திருக்கிறது. கேட்டவர்கள் எல்லாருமே எதையோ வாங்குவது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் கேட்டார்கள். என்னிடம் எதிர்பார்த்தது ஒரு தலையாட்டல். நான் ஆட்டவில்லை. அதில் இரண்டு பேருக்குப் பத்துப் பைசா செலவில்லாமல் வேலை முடிந்தது. ஒருவருக்கு வாட்ச்சில் உள்ளதை எத்தனை முறை அழித்து முதலிலிருந்து போட்டாலும் பவர் வரவே வராது என்று தெரிந்தது. அவருக்கு வேறு வழி.

பவர் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் பதில் சொல்வது சுலபம்: ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. முப்பந்தலில் காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? ஆளும் சைக்கிளுமாகச் சேர்த்து 80 கிலோ என்று வைத்து நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சமதரையில் காற்றே இல்லாத நேரத்தில் 150 வாட் மிதித்தால் மணிக்கு 30 கிலோமீட்டர் போகலாம். அதே 150 வாட்டை 20 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் மிதித்தால் 19தான் வரும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் அடித்தால் 43. கால் செய்த வேலை ஒன்றுதான், வேகம் மட்டும் 19, 30, 43 என்று ஆடுகிறது. இங்கே வேகத்தைப் பார்த்துப் பயிற்சி செய்கிறவர் காற்றுக்குத்தான் பயிற்சி கொடுக்கிறார்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, உங்கள் வாட்ச் மாடலுக்கு சைக்கிள் பவர் மீட்டரை ஏற்கத் தெரியுமா என்பது. இது தெரியாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. அடுத்தது, அந்த எண்ணை நீங்கள் ஓட்டும்போதே பார்க்க வேண்டுமா, வீட்டுக்கு வந்து பார்த்தால் போதுமா என்பது. மூன்றாவது பணம். பெட்டியில் போட்டிருக்கும் விலையை மட்டும் பார்த்தால் போதாது, அதற்குப் பிறகு ஆகும் செலவும் உண்டு. நான்காவது மழையும் உப்பும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே நம்மை நனைக்கும், மணக்குடி முதல் முட்டம், குளச்சல் வரை கடற்கரைச் சாலையில் ஓட்டினால் காற்றிலேயே உப்பு இருக்கும். கடைசியாக, உங்கள் ஓட்டத்துக்குப் பவர் நிஜமாகவே வேண்டுமா? கடைசியில் வைத்தாலும் இதைத்தான் பலர் கேட்டுக்கொள்வதில்லை.

| வழி | கைக்காசு | பிறகு தெரியும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| இருக்கும் வாட்ச்சைச் சரிசெய்வது | இல்லை, அல்லது ஒரு பட்டன் பேட்டரி | ஒரு சாயங்காலம் | பவரை ஏற்கும் மாடல் வைத்திருப்பவர் |
| போன் | ஸ்டாண்டு விலை | சார்ஜ், சூடு, மழை | சோதித்துப் பார்க்க, வீட்டுக்குள் ஓட்ட |
| பைக் கம்ப்யூட்டர் (ஹேண்டில்பாரில் மாட்டும் சின்னத் திரைக் கருவி) | நடுத்தரம் | பதிவு இரண்டு இடத்தில் சிதறும் | சைக்கிள்தான் முக்கியம் என்பவர் |
| புது வாட்ச் | மிக அதிகம் | பழைய பதிவுகள், புது ஆப் | ஓட்டம், நீச்சலும் செய்பவர் |
| பவரை விட்டுவிடுவது | இல்லை | காற்றும் ஏற்றமும் ஏமாற்றும் | உடல்நலத்துக்கு ஓட்டுபவர் |

## இருக்கிற வாட்ச்சையே வழிக்குக் கொண்டுவருவது

முதலில் மாடல். கார்மின் ஃபோர்ரன்னர் வரிசையில் 55, 165, 245 ஆகியவை சைக்கிள் பவர் மீட்டரை ஏற்காது. 255, 265, 955, 965 ஏற்கும். வெளித் தோற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியாததால் ஏமாந்து போகிறவர்கள் அதிகம். ஆப்பிள் வாட்ச்சுக்கு 2023-இல் வந்த வாட்ச்ஓஎஸ் 10-இலிருந்துதான் பவர் மீட்டரோடு பேசத் தெரியும், அதுவும் புளூடூத்தில் மட்டும். போலார், கோரோஸ் பேஸ் 3 போன்றவையும் சென்சார்களோடு புளூடூத்தில்தான் பேசும். பழைய பவர் மீட்டர்களில் சில ஏஎன்டி பிளஸ் (ANT+) என்ற இன்னொரு கம்பியில்லா மொழியை மட்டும் பேசுபவை. ஒருவருக்கு மலையாளம் மட்டும், இன்னொருவருக்குத் தெலுங்கு மட்டும் தெரிந்தால் பேச்சு எப்படி நடக்கும்? அப்படித்தான் இதுவும். உங்கள் மாடலின் விவரப் பக்கத்தில் 'சைக்கிளிங் பவர்' என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'சென்சார்களை இணைக்கலாம்' என்று பொதுவாகப் போட்டிருந்தால் நம்ப வேண்டாம், அது இதயத் துடிப்புப் பட்டையாகவோ மிதிக்கும் சுற்றுகளை எண்ணும் கேடன்ஸ் சென்சாராகவோ இருக்கலாம்.

மாடல் சரி என்றால், திரையில் என்ன தெரிகிறது என்று நிதானமாகப் பாருங்கள். 'வரவில்லை' என்று எல்லாரும் ஒரே சொல்லில் சொன்னாலும் அதில் மூன்று விதம் இருக்கிறது.

பவர் என்ற கட்டமே திரையில் இல்லை என்றால் சென்சாரில் குறை இல்லை. சைக்கிள் ப்ரொஃபைலின் (என்ன பயிற்சி என்று வாட்ச்சில் தேர்ந்தெடுக்கும் வகை) திரை அமைப்புக்குள் போய் அந்தக் கட்டத்தைச் சேர்க்க வேண்டும். சில வாட்ச்கள் சென்சாரை இணைத்ததும் தாமாகவே ஒரு பக்கம் சேர்த்துக்கொள்ளும், சில சேர்க்காது. தவறான ப்ரொஃபைலில் ஓட்டுவதும் உண்டு. ரப்பர் தோட்டத்து வழியாகப் பேச்சிப்பாறை வரை ஓட்டப் பயிற்சி ப்ரொஃபைலிலேயே சைக்கிள் ஓட்டி முடித்த ஒருவரை எனக்குத் தெரியும்.

கட்டம் இருக்கிறது, எண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள் மட்டும் இருக்கின்றன என்றால் இணைப்பு இல்லை. பவர் மீட்டர் தூங்கிக்கொண்டிருக்கலாம், கிராங்கை (பெடல் மாட்டியிருக்கும் கம்பியை) நாலு சுற்று சுற்றினால்தான் பலவும் விழிக்கும். அடுத்து சந்தேகப்பட வேண்டியது உங்கள் பின் பாக்கெட்டில் இருக்கும் போனை. புளூடூத்தில் பல பவர் மீட்டர்கள் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு கருவிகளோடு மட்டுமே பேசும். வாங்கிய அன்று சோதித்துப் பார்க்கப் போனில் போட்ட ஆப் பின்னணியில் அந்த இடத்தைப் பிடித்துவைத்துக்கொண்டால், வாட்ச் வாசலில் நிற்க வேண்டியதுதான். எனக்கு இது நடந்தது. ஒரு சாயங்காலம் முழுக்க வாட்ச்சை அழித்து, இணைத்து, மறுபடி அழித்து, கடைசியில் போனின் புளூடூத்தை அணைத்தவுடன் 'இணைந்தது' என்று வந்தது. ஏஎன்டி பிளஸ்ஸில் இந்தத் தகராறு இல்லை. அது ரேடியோ நிலையம் மாதிரி, எத்தனை பேர் வேண்டுமானாலும் கேட்கலாம். இரண்டும் உள்ள வாட்ச் என்றால் ஏஎன்டி பிளஸ்ஸில் இணைப்பதே தொல்லை இல்லாத வழி.

ஆனால் ரேடியோவுக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. பார்வதிபுரத்தில் ஒரு சாயாக்கடை முன்னால் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது அவசரமாகப் புது சென்சாரை இணைத்தேன். கையில் கிளாஸோடு நான் நின்றுகொண்டிருக்கிறேன், வாட்ச் 180 வாட் காட்டுகிறது. பக்கத்தில் நின்ற நண்பர் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார், அவர் மிதித்ததுதான் என் கையில் வந்தது. அதனால் இணைப்பதை வீட்டு முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள், பவர் மீட்டரில் பொறித்திருக்கும் எண்ணும் வாட்ச்சில் வரும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

ஓட்டும்போது விட்டுவிட்டு வருகிறது என்றால் பேட்டரியைச் சந்தேகியுங்கள். சிஆர்2032 பட்டன் பேட்டரிகளில் சிலவற்றுக்குக் குழந்தைகள் விழுங்காமல் இருக்கக் கசப்புப் பூச்சு போட்டிருப்பார்கள். அந்தப் பூச்சு சில கருவிகளில் மின் தொடுப்பைக் கெடுக்கும். கடற்கரையில் ஓட்டுகிறவர்கள் மூடியைத் திறந்து தொடுமுனையில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஃபவேரோ அசியோமா போன்ற சார்ஜ் போடும் பெடல்களில் இந்தப் பேட்டரித் தொல்லை இல்லை. பேட்டரி நன்றாக இருந்தும் விட்டுவிட்டு வந்தால் வாட்ச்சை மறு கைக்கு மாற்றிக் கட்டிப் பாருங்கள். இடது கிராங்கில் மீட்டர், வலது மணிக்கட்டில் வாட்ச் என்றால் நடுவில் உங்கள் உடம்பு நிற்கிறது. புளூடூத்தும் ஏஎன்டி பிளஸ்ஸும் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக விழுங்கும், நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே.

மூன்றாவது விதம், எண் வருகிறது, ஆனால் 0-விலேயே நிற்கிறது அல்லது நம்ப முடியாத எண் காட்டுகிறது. இணைப்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், அளவுதான் தவறு. பவர் மீட்டருக்குள் இருப்பது உலோகம் நூலளவு வளைவதை அளக்கும் ஒரு பட்டை. வெப்பம் மாறினால் அதன் பூஜ்யமும் நகரும். ஏசி அறையிலிருந்து எடுத்து வெளியே வைத்த சைக்கிளைக் கால் மணி நேரம் விடுங்கள். அப்புறம் பெடலில் கால் படாமல், கையேட்டில் சொன்ன நிலையில் கிராங்கை நிறுத்தி, வாட்ச்சில் 'காலிப்ரேட்' கொடுங்கள். பெடல் வகை என்றால் கிராங்க் நீளத்தையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்களுடையது 165 மில்லிமீட்டர், வாட்ச்சில் இருப்பது 172.5 என்றால் 200 வாட் 209 என்று தெரியும். சந்தோஷமாகத்தான் இருக்கும், என்ன செய்ய.

இவ்வளவும் செய்து வரவில்லை என்றால் மென்பொருளைப் புதுப்பித்து, பழைய சென்சார் பதிவை நீக்கி, திரும்ப இணையுங்கள். வாட்ச்சை முழுசாக அழிப்பது கடைசி. அதற்கு முன் எல்லாவற்றையும் ஆப்புக்கு ஏற்றிவிடுங்கள்.

இந்த வழியின் உண்மையான செலவு நேரம்தான். ஒரு சாயங்காலத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். இரண்டாம் நாளும் அதையே திருகிக்கொண்டிருந்தால், பிடிவாதம் பிடிப்பது வாட்ச் இல்லை.

## போனை ஹேண்டில்பாரில் மாட்டுவது

சோதனைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. போனில் பவர் வந்து வாட்ச்சில் வரவில்லை என்றால் மீட்டர் நல்லது, வாட்ச்சில்தான் பிரச்சினை என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எதையும் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்.

தினசரி ஓட்டத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வெயிலில் திரை முழு வெளிச்சத்தில் எரிந்தால் சார்ஜ் கரையும், போன் சூடாகித் தானே மங்கும். மழைத்துளி விழுந்தால் விரல் என்று நினைத்து எதையாவது அழுத்திக்கொள்ளும். குழியில் இறங்கி ஸ்டாண்டிலிருந்து தெறித்தால் பவர் மீட்டர் விலைக்கு ஒரு செலவு. ஐபோன்களில் ஏஎன்டி பிளஸ் நேரடியாக இல்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். ஜூன், ஜூலையில் வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நகராமல் நிறுத்தி மிதிக்கும் தாங்கியில்) ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் போன் அருமை. அங்கே மழையும் இல்லை, குழியும் இல்லை.

இன்னொன்று. பவர் மீட்டரே இல்லாமல் சில ஆப்கள் பவரைக் 'கணித்து' சொல்லும். வேகம், எடை, ஏற்றம் ஆகியவற்றை வைத்துப் போடும் கணக்கு அது. எதிரே எவ்வளவு காற்று அடிக்கிறது என்று அதற்குத் தெரியாது. நீண்ட ஏற்றத்தில் ஓரளவு ஒத்து வரும், முப்பந்தலில் வெறும் ஜோசியம்.

## தனியாக ஒரு பைக் கம்ப்யூட்டர்

வாட்ச் மாடல் பவரை ஏற்காது என்று தெரிந்துவிட்டால், பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். பவரை ஏற்கும் சாதாரணக் கம்ப்யூட்டரின் விலை, பவரை ஏற்கும் நல்ல வாட்ச்சின் விலையில் பாதிகூட வராது. எண் கண்ணுக்கு நேரே இருக்கும். மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிற ஒரு நொடியில் சாலையில் என்ன வரும் என்று தக்கலை - மார்த்தாண்டம் வழியில் ஓட்டிய யாரும் சொல்வார்கள்.

பழைய வாட்ச்சும் வீணாகாது. பல வாட்ச்கள் இதயத் துடிப்பை ஒலிபரப்பும். கம்ப்யூட்டர் அதை வாங்கிக்கொள்ளும், மார்புப் பட்டை வாங்கும் காசு மிச்சம்.

மறைந்திருக்கும் செலவு பதிவில் இருக்கிறது. கம்ப்யூட்டர் ஒரு கம்பெனி, வாட்ச் இன்னொரு கம்பெனி என்றால் வாட்ச்சின் ஆப்புக்கு நீங்கள் சைக்கிள் ஓட்டியதே தெரியாமல் போகலாம். ஞாயிற்றுக்கிழமை 90 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தவரைப் பார்த்து, இன்று நல்ல ஓய்வு என்று வாட்ச் பாராட்டும். இரண்டிலும் பதிவு செய்து இரண்டையும் ஒரே ஆப்புக்கு ஏற்றினால் ஒரே ஓட்டம் இரண்டாகத் தெரியும். ஏதாவது ஒன்றைத் தானாக ஏற்றாதபடி நிறுத்திவைக்க வேண்டும். வாங்கும்போது ஏஎன்டி பிளஸ், புளூடூத் இரண்டும் இருப்பதாகவே பாருங்கள். ஏஎன்டி பிளஸ்ஸின் சான்றளிப்புத் திட்டம் 2025-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இருக்கும் கருவிகள் நாளைக்கே நின்றுவிடாது, ஆனால் புதிதாக வருபவை புளூடூத் பக்கம்தான் சாயும்.

## புது வாட்ச்

வாரத்தில் மூன்று நாள் ஓடி, இரண்டு நாள் நீந்தி, மிச்ச நாளில் சைக்கிள் மிதிக்கிறவருக்கு இது நியாயமான செலவு. எல்லாம் ஒரே இடத்தில் சேரும், உடல் எவ்வளவு களைத்திருக்கிறது என்று அது சொல்வதிலும் அர்த்தம் இருக்கும். சைக்கிள் மட்டும் ஓட்டுகிறவர் பவருக்காக மட்டும் வாட்ச் மாற்றுவது, குடை கிழிந்ததற்குக் கார் வாங்குவது மாதிரி.

வாங்கிய பிறகும் அதைக் கையில் கட்டித்தான் பார்க்க வேண்டும். அது வசதிப்படாமல் ஹேண்டில்பாரில் கட்டினால் மணிக்கட்டில் வந்துகொண்டிருந்த இதயத் துடிப்பு நின்றுபோகும், மார்புப் பட்டை வாங்க வேண்டியிருக்கும். கம்பெனி மாறினால் பழைய வாட்ச்சின் வருடக்கணக்கான பதிவுகள் முழுசாகக் கூட வராது. பழுதானால் பெரும்பாலும் கூரியரில் வெளியூர் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பழைய வாட்ச்சை விற்றுத்தான் இதை வாங்குவது என்றால், புதியது உங்கள் பவர் மீட்டரோடு பேசுவதைக் கண்ணால் பார்த்த பிறகு விற்கவும்.

## பவரே வேண்டாம் என்று இருப்பது

பெடல் இன்னும் வாங்காதவர்கள் இதை முதலில் படித்திருக்கலாம். சர்க்கரை, பிரஷர், தொப்பை என்று டாக்டர் சொல்லி சைக்கிள் எடுத்தவருக்கு இதயத் துடிப்பே போதும். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே சீராகப் போய்ச் சூரிய உதயம் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஓட்டத்துக்கு அது நல்ல வழிகாட்டி.

தக்கலையிலிருந்து மேற்கே போனால்தான் கதை மாறும். ஏறு, இறங்கு, மறுபடி ஏறு என்று முக்கால் நிமிட ஏற்றங்கள். இதயம் மெதுவாகத்தான் விழிக்கும், ஏற்றம் முடிந்து இறங்கும்போதுதான் வாட்ச்சில் எண் உச்சிக்கு வரும். புழுக்கத்தில் ஒரு மணி நேரம் வியர்த்த பிறகு, அதே மிதிக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். இதெல்லாம் தெரிந்து, மூச்சு வாங்குவதையும் சேர்த்து கவனித்து ஓட்டத் தெரிந்தவருக்குப் பவர் இல்லாதது ஒரு குறையே இல்லை. பவர் மீட்டரை ஏற்கெனவே வாங்கிவிட்டு எண் வரவில்லை என்று மூலையில் போட்டிருப்பவருக்கு மட்டும் இந்த வழி பொருந்தாது. காசு கொடுத்தாயிற்று, மேலே சொன்ன சாயங்காலத்தையாவது கொடுங்கள்.

தக்கலைத் தம்பிக்கு வாய்த்தது பவரை ஏற்காத மாடல். போனில் வைத்துப் பார்த்தோம், பெடல் நன்றாகவே பேசியது. வாட்ச் மாற்ற வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதிக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வாங்கினான், வாட்ச் இப்போது இதயத் துடிப்பை மட்டும் அனுப்புகிறது. போன ஞாயிறு ஆரல்வாய்மொழி தாண்டி எதிர்க்காற்றில் இருவரும் போனோம். வேகம் 19. பழைய ஆளாக இருந்தால் பல்லைக் கடித்து மிதித்து முப்பந்தலுக்குள் செத்திருப்பான். கம்ப்யூட்டரில் 152 என்று பார்த்துவிட்டு, ஒரு கையால் பாக்கெட்டிலிருந்து மட்டிப்பழத்தை எடுத்துப் பல்லால் உரித்துக்கொண்டே வந்தான்.